ஜெர்மன் மௌனச் சிரிப்புப் படங்களைத் திரையிடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியில் ஒரு சிறு திரைப்படச் சங்கமோ பல்கலைக்கழகத் திரைப்படக் குழுவோ நடத்துகிறீர்கள். 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் அந்நாட்டில் எடுத்த சிரிப்புக் குறும்படங்களை ஒரு மாலை நேரத்தில் திரையிட ஆசைப்படுகிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நகைச்சுவைக் கலைஞர் காரல் வாலன்டின், இயக்கவும் நடிக்கவும் செய்த இளவயது எர்ன்ஸ்ட் லூபிட்ச், நடிகை ஓசி ஓஸ்வால்டா ஆகியோரைக் கணினித் திரையில் தனியாகப் பார்ப்பது ஒன்று. பியானோ ஒலிக்க, நூறு பேர் நடுவே உட்கார்ந்து பார்ப்பது முற்றிலும் வேறு. நூறு ஆண்டுப் பழைய விழுந்து புரளும் வேடிக்கைக்கு இன்றைய பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிப்பதைக் கண்டபோது, பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. ஆனால் அந்தப் பாட்டில் பாதி தேவையற்றது. எந்தப் படியை முதலில் வைப்பது என்று யாராவது சொல்லியிருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் ஜெர்மனியில் நடக்கும் திரையிடலுக்கு மட்டுமே பொருந்தும்.

1. படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பிரதியைத் தேடுங்கள்

எல்லோரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். ஒரு நூலில் படித்த பெயரைப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சிக்குத் தேதி குறித்து, சுவரொட்டி அச்சடித்த பிறகு பிரதி எங்கே என்று கேட்கிறார்கள். இந்தக் காலத்து ஜெர்மன் படங்களில் பெரும்பகுதி அழிந்துபோய்விட்டது. மிஞ்சியவற்றிலும் பல, திரையிடத் தகுந்த பிரதியாக இல்லை. ஆகவே முதலில் பிரதி, பிறகு நிகழ்ச்சி நிரல், கடைசியில்தான் தேதி.

தேடலை ஃபில்ம்போர்ட்டல் இணையதளத்தில் தொடங்குங்கள். பிராங்க்பர்ட்டில் உள்ள ஜெர்மன் திரைப்பட நிறுவனமும் அருங்காட்சியகமும் சேர்ந்த அமைப்பு அதை நடத்துகிறது. இயக்குநர், கதை எழுதியவர், தணிக்கைத் தேதி, மீட்டர் கணக்கில் நீளம் எல்லாம் பல படங்களுக்கு அங்கே கிடைக்கும். 1920 வரையிலான படங்களுக்குக் கொலோன் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலச் சினிமாத் தரவுத்தளமும் உண்டு. இவ்விரண்டிலும் ஒரு படத்தின் பெயர் இருப்பதால் அந்தப் படமே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அழிந்துபோன படங்களுக்கும் அங்கே பதிவு உண்டு.

பிறகு பிரதி வைத்திருக்கும் இடங்கள். வீஸ்பாடனில் உள்ள ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் முர்னாவ் அறக்கட்டளையிடம் சுமார் 2,000 மௌனப் படங்களின் உரிமை இருக்கிறது. லூபிட்சின் சிரிப்புப் படங்களுக்கு முதலில் கேட்க வேண்டிய இடம் அதுவே. வாலன்டினுக்கு ம்யூனிக் திரைப்பட அருங்காட்சியகம். பெர்லினில் கூட்டாட்சி ஆவணக்காப்பகமும் டாய்ச்ச கினமாதேக் என்ற திரைப்படக் காப்பகமும் இருக்கின்றன. கினமாதேக்குக்கு நேரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பழைய வழிகாட்டிகளில் எல்லாம் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் முகவரியே இருக்கும். அந்தக் கட்டடத்தை விட்டு அவர்கள் 2024-இன் இறுதியில் வெளியேறிவிட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ஐ திரைப்பட அருங்காட்சியகத்தை மறந்துவிடாதீர்கள். ஜான் டெஸ்மெட் என்ற டச்சு விநியோகஸ்தர் சேர்த்து வைத்த படங்கள் அங்கே இருக்கின்றன. 1910-களின் ஜெர்மன் படங்கள் பலவும் அவற்றில் அடக்கம். ஆனால் அந்தப் பிரதிகளில் எழுத்தட்டைகள், அதாவது காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் வாசகங்கள், டச்சு மொழியில் இருக்கும். இதைப் பற்றி ஏழாவது படியில் சொல்கிறேன்.

2. யார் எப்போது இறந்தார்கள் என்று எழுதி வையுங்கள்

‘நூறு வருஷம் ஆகிவிட்டதே, உரிமை எல்லாம் போய்விட்டது’ என்று உங்களிடம் பத்துப் பேராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். ஜெர்மன் சட்டத்தில் படத்தின் வயது கணக்கில்லை. முதன்மை இயக்குநர், திரைக்கதை எழுதியவர், உரையாடல் எழுதியவர், அந்தப் படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகிய நால்வரில் கடைசியாக இறந்தவர் இறந்து 70 ஆண்டுகள் ஆக வேண்டும். அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை நீடிக்கும்.

மூன்று எடுத்துக்காட்டுகளில் இது விளங்கிவிடும்.

ஓசி ஓஸ்வால்டா ஆண் வேடம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் ‘இஷ் மோஷ்ட கைன் மன் ஸைன்’ 1918-இல் வந்தது. ‘நான் ஆணாக இருக்க விரும்பவில்லை’ என்பது பெயரின் பொருள். இயக்கிய லூபிட்ச் 1947-இல் இறந்தார். அவருடன் கதை எழுதிய ஹன்ஸ் கிரேலி 1950-இல் இறந்தார். ஆகவே 2020-ஆம் ஆண்டின் முடிவோடு உரிமை தீர்ந்தது.

‘மிஸ்டேரியன் ஐனஸ் ஃபிரிசியர்ஸலோன்ஸ்’ 1923-இல் எடுத்த படம். முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளரின் தலை துண்டாகி மறுபடி ஒட்டப்படும் அந்த விசித்திரமான படத்தில் நடித்தவர் வாலன்டின். அவர் இறந்தது 1948. அதை மட்டும் பார்த்துவிட்டு உரிமை தீர்ந்துவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதை உருவாக்கியவர்கள் பெர்டோல்ட் பிரெக்டும் எரிஷ் எங்கெலும். பிரெக்ட் 1956-இல் இறந்தார், எங்கெல் 1966-இல். எனவே 2036 முடியும் வரை அனுமதி தேவை.

வாலன்டினின் பேசும் குறும்படங்களையும் சேர்க்க நினைத்தால் அவருடைய மேடைத் துணையான லீசல் கார்ல்ஷ்டாட்டை மறக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து எழுதிய காட்சிகளுக்கு அவர் இறந்த 1960-ஐயும் பார்க்க வேண்டும். அப்படியானால் 2030 முடியும் வரை உரிமை இருக்கிறது.

உரிமை தீர்ந்த படமானாலும் இரண்டு பொருள்கள் மிஞ்சும். ஒன்று, புதிதாகச் சேர்த்த இசை. அதற்குத் தனி உரிமை உண்டு. இன்னொன்று, பிரதி. அது காப்பகத்தின் சொத்து. படம் பொதுவுடைமை, பிரதி அவர்களுடையது. அதைத் தருவதற்கு ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் வாங்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் காப்பகத்தோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுருள்களை இத்தனை காலம் குளிரறையில் வைத்துக் காத்தவர்கள் அவர்கள். கேட்கும் தொகை நியாயமானதுதான்.

வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியை, ப்ளூரேயைப் பொது இடத்தில் போட அந்த விலை அனுமதி தராது. இணையத்தில் எங்கோ கிடைத்த கோப்பும் அப்படியே.

3. காப்பகத்துக்கு முழுமையான கடிதம் ஒன்று எழுதுங்கள்

‘உங்களிடம் பழைய நகைச்சுவைப் படங்கள் இருக்கின்றனவா?’ என்று கேட்டு எழுதினால் பதில் வராது. வந்தாலும் கேள்வியாக வரும். ஒரு காப்பகத்தோடு நீண்ட நாள் இப்படிக் கேள்விகளையே மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தோம். பிறகு எல்லா விவரத்தையும் ஒரே பக்கத்தில் அடக்கி எழுதியபோது விலைப்புள்ளி வந்து சேர்ந்தது.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை: படத்தின் ஜெர்மன் பெயர், ஆண்டு, இயக்குநர். திரையிடும் நாள் (உறுதியாகவில்லை என்றால் இரண்டு மாற்று நாட்கள்), இடம், இருக்கை எண்ணிக்கை, எத்தனை காட்சி, நுழைவுக் கட்டணம். உங்கள் அமைப்பு பதிவு பெற்ற சங்கமா, பொதுநல அமைப்பாக வரி அலுவலகம் ஏற்றுள்ளதா. கூடத்தில் எந்தக் கருவி இருக்கிறது. விலைப்பட்டியல் அனுப்ப வேண்டிய முகவரி.

கூடவே நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வடிவில் பிரதி இருக்கிறது? அதில் இசை பதிவாகியுள்ளதா, ஆம் என்றால் அந்த இசைக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எழுத்தட்டைகள் எந்த மொழியில்? முன்கூட்டிப் பார்க்க இணைப்பு தருவீர்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். பார்க்காமல் எந்தப் படத்தையும் திரையிடாதீர்கள். அந்தக் காலச் சிரிப்புப் படங்களில் கறுப்பினத்தவரையும் யூதரையும் கேலிப் பொருளாக்கும் காட்சிகள் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். லூபிட்சே யூதக் கடைப்பையனாக நடித்த ‘ஷூபலாஸ்ட் பிங்குஸ்’ (1916) போன்ற படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் யாராவது விளக்கிப் பேசினால்தான் பார்வையாளர்களுக்கும் படத்துக்கும் நீதி செய்ததாகும்.

கடிதம் ஜெர்மனில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் போடுவார்கள், ஆனால் ஒப்பந்தம் ஜெர்மனில்தான் வரும்.

4. மீட்டரை நிமிடமாக்குங்கள், ஓடும் வேகத்தைக் கேளுங்கள்

தரவுத்தளங்களில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. சுருளில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள். நொடிக்கு 16 சட்டம் என்று ஓட்டினால் 100 மீட்டர் ஐந்தரை நிமிடம் ஓடும். 18 என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்றைய வேகமான 24-இல் ஓட்டினால் மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடிந்துவிடும். 300 மீட்டர் படம் ஒன்று பதினோரு நிமிடமா பதினாறு நிமிடமா என்பது வேகத்தைப் பொறுத்தது. நிகழ்ச்சி நிரலின் மொத்த நேரமே இதில் மாறிவிடும்.

மௌனப் படம் என்றாலே ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்ற எண்ணம் தவறான வேகத்தால் வந்தது. வாலன்டினின் நகைச்சுவை முழுக்க அவரது நீண்ட கைகால்களின் தடுமாற்றத்தில் இருக்கிறது. அவர் ஒரு மேசையோடு போராடும்போது தயங்கும் அந்த அரை நொடிதான் சிரிப்பு. வேகத்தைக் கூட்டினால் அது செத்துவிடும்.

ஆகவே காப்பகத்திடம் எந்த வேகத்தில் பிரதி எடுத்தார்கள் என்று கேளுங்கள். இன்று பெரும்பாலும் டிசிபி என்னும் எண்ணிமப் பிரதிதான் வரும். திரையரங்குக் கருவிகள் வழக்கமாக 24-இல்தான் ஓட்டும். அதனால் 16-க்கு ஒவ்வொரு இரண்டாவது சட்டத்தையும், 18-க்கு ஒவ்வொரு மூன்றாவது சட்டத்தையும் இருமுறை பதித்துத் தருவார்கள். அது போதும். சில பிரதிகள் உண்மையான 16 அல்லது 18-இலேயே இருக்கும். அவற்றை எல்லாக் கருவியும் ஏற்காது. திரையரங்கின் தொழில்நுட்பரிடம் ஒரு வாரம் முன்னதாகவே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசிபி பூட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் எண்ணிமச் சாவி, குறிப்பிட்ட கருவிக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். சாவியில் பிழை இருப்பது வெள்ளிக்கிழமை மாலை தெரிந்தால் திங்கட்கிழமை வரை காப்பகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சுருளாகவே வேண்டும் என்று விரும்பினால் கூடத்தில் வேகத்தை மாற்றக்கூடிய 35 மி.மீ. கருவியும், மௌனப் படத்தின் அகல விகிதத்துக்கான சட்டகத் தகடும் வில்லையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்படும். அசல் நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை எந்தக் காப்பகமும் உங்களுக்கு அனுப்பாது.

5. பிள்ளைகள் வரலாமா என்று முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு தீங்கற்ற படமாக இருந்தாலும், படங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் எஃப்எஸ்கே அமைப்பின் சான்று இல்லாவிட்டால், பொதுத் திரையிடலுக்கு 18 வயது நிறையாதவர்களை அனுமதிக்க முடியாது. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் இதைப் பாருங்கள். எஃப்எஸ்கே இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடலாம். காப்பகமும் சொல்லும். சான்று இல்லாத படத்துக்குப் புதிதாக விண்ணப்பிப்பது ஒரு சிறு சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. சான்றுள்ள படங்களை மட்டும் வைத்துப் பிற்பகல் காட்சியும், மற்றவற்றை இரவுக் காட்சியிலும் வைப்பதே நல்ல வழி.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோரோ பொறுப்பாளரோ இல்லாமல் வரக்கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் தனியாக வந்தால் காட்சி இரவு 8 மணிக்குள் முடிய வேண்டும். 16-க்கு உட்பட்டவர்களுக்கு 10 மணி.

6. இசை: ஆள், பியானோ, கேமா

பதிவான இசையோடு வரும் பிரதியை விட, ஒரு பியானோக் கலைஞரை வைத்து நேரடியாக வாசிக்கச் செய்வதையே நான் எப்போதும் சொல்வேன். கூட்டம் சிரித்தால் அவர் காத்திருப்பார். பதிவு காத்திருக்காது. மௌனப் படத்துக்கு வாசித்துப் பழகியவராகப் பாருங்கள். நல்ல இசைக் கல்லூரி மாணவர் ஒருவர்கூட, பழக்கமில்லை என்றால் ஒவ்வொரு விழுதலுக்கும் தாளம் தட்டி ஓய்ந்துவிடுவார். படத்தின் இணைப்பை மூன்று வாரம் முன்னதாக அவருக்கு அனுப்புங்கள். அதற்குக் காப்பகத்தின் அனுமதி வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பியானோவைச் சுருதி சேர்க்கச் செய்யுங்கள். அவர் உட்காரும் இடத்திலிருந்து திரை தெரிகிறதா, விளக்கு திரையில் அடிக்காமல் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

இனிக் கேமா, அதாவது இசையமைப்பாளர்களுக்காக உரிமைக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு. ஜெர்மனியில் பொது இடத்தில் இசை ஒலித்தால் இந்த அமைப்புக்குக் கட்டணம் உண்டு என்ற அனுமானத்தோடுதான் நடப்பார்கள். இல்லை என்றால் இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. கலைஞர் தாமே இட்டுக்கட்டி வாசித்தாலும், அவர் கேமா உறுப்பினர் என்றால் கட்டணம் உண்டு. உறுப்பினர் இல்லை, முழுக்கச் சொந்த இசை என்றால் அதை அவரிடம் கையொப்பத்துடன் எழுதி வாங்கி வையுங்கள். எப்படியானாலும் நிகழ்ச்சிக்கு முன்பே கேமாவில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யாமல் நடத்தியது தெரிந்தால் இரட்டிப்புக் கட்டணம் கேட்பார்கள்.

7. எழுத்தட்டைகளை என்ன செய்வது

இந்தப் படங்களில் அட்டைகள் குறைவு, ஆனால் பல சிலேடைகள் அவற்றில்தான் இருக்கும். டச்சுப் பிரதியானால் மொழிபெயர்ப்பு கட்டாயம். அசல் ஜெர்மன் வாசகம் வேண்டுமென்றால் தணிக்கை அட்டையைத் தேடுங்கள். தணிக்கையாளர்கள் வெளியிட்ட அந்தத் தாள்களில் அட்டைகளின் முழு வாசகமும் பல நேரங்களில் அச்சாகியிருக்கும். கூட்டாட்சி ஆவணக்காப்பகத்திலும் கினமாதேக்கிலும் இவை உள்ளன. 1920 மே மாதத்துச் சட்டத்துக்குப் பிந்தைய படங்களுக்கு இவை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஜெர்மன் தெரியாதவர்கள் பலர் வருவார்கள் என்றால் பிரதியில் கை வைக்க வேண்டாம். திரைக்கு அடியில் தனி ஒளிவீழ்த்திக் கருவியால் மொழிபெயர்ப்பைக் காட்டலாம். இன்னும் எளிது, ஒருவர் ஒலிவாங்கியில் வாசிப்பது. நல்ல குரலுள்ளவர் வாசித்தால் அதுவே நிகழ்ச்சியின் அழகாகிவிடும்.

8. செலவை இப்படிப் பிரித்துப் போடுங்கள்

திரையிடும் உரிமைக் கட்டணம் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை, அல்லது டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது என்று இருக்கும். ஐந்து குறும்படம் என்றால் ஐந்து கட்டணம் என்று காப்பகம் தொடங்கும். ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் வாங்கி, மொத்தமாக ஒரு நிகழ்ச்சிக்கு விலை கேட்டால் குறையும். நான்கு காப்பகங்களில் நான்கு படம் எடுப்பதுதான் பணத்தை விழுங்கும் வழி.

அதற்கு மேல் பிரதியை அனுப்பித் திரும்பப் பெறும் செலவு, காப்பீடு, கலைஞர் ஊதியமும் பயணமும் தங்குமிடமும், சுருதி சேர்ப்பு, கேமா, கூட வாடகை. வரியில் ஒன்றைக் கவனியுங்கள்: 1970 ஜனவரி 1-க்கு முன் முதன்முதலாகத் திரையிட்ட படங்களின் திரையிடல் உரிமைக்கு 7 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரிதான். விலைப்பட்டியலில் அந்த வரிக்கு நேராக 19 என்று இருந்தால் கேளுங்கள். கலைஞர்களைத் தொடர்ந்து அமர்த்தும் அமைப்பாக இருந்தால் கலைஞர் சமூகக் காப்பீட்டுக்கான தொகையும் சேரும். 2025-இல் அது ஊதியத்தில் 5 விழுக்காடு.

உங்களிடம் பணம் குறைவு என்றால் படங்களைக் குறையுங்கள், கலைஞரைக் குறைக்காதீர்கள். மூன்று படம், அறுபது நிமிடம், நல்ல பியானோ. அதுவே நிறைவான மாலை.

9. கால அட்டவணை

ஆறு மாதம் முன்பு தேடலும் முதல் கடிதமும். நான்கு மாதத்துக்கு முன் விலைப்புள்ளி கையில் இருக்க வேண்டும், கலைஞரிடம் தேதி பேசியிருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காப்பகங்களில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும் அப்படியே. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே சுவரொட்டி. விளம்பரத்துக்குப் படக்காட்சிகள் வேண்டுமென்றால் அவற்றுக்கும் தனி அனுமதி, சில இடங்களில் தனிக் கட்டணம். அதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

10. திரையிட்ட மறுநாள்

பிரதியைப் பதிவு அஞ்சலில் அல்லது கண்காணிப்பு எண் உள்ள கூரியரில் திருப்பி அனுப்பி, ரசீதைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த விழாவுக்கு அதே பிரதி போக வேண்டியிருக்கலாம், தாமதத்துக்கு அபராதம் உண்டு. திரையரங்கின் கருவியில் ஏற்றிய கோப்பை அழித்துவிட்டதாகத் தொழில்நுட்பரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். டிக்கெட் கணக்கை ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள். கேமாவுக்கு வாசித்த இசையின் பட்டியலைக் கலைஞரிடமிருந்து அன்று இரவே வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போனால் அவருக்கே நினைவிருக்காது. கலைஞர் காப்பீட்டுக் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் நிகழ்ச்சித் தாளில் இரண்டு பிரதிகளைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். பல ஒப்பந்தங்களில் அது நிபந்தனையாகவே இருக்கும். இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் காட்சிக்குச் சிரித்தார்கள் என்று நாலு வரியும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.